கூடிக் கற்கும் பொறியியல்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. மற்றக் கல்விகளைக் காட்டிலும் பொறியியற் கல்விக்கே இது மிகவும் பொருந்தும். பாலம் கட்டுவோரும் இயந்திரம் அமைப்போரும் தேர்வுத்தாளில் சரியான விடை எழுதிவிட்டால் மட்டும் போதாது. அவர்கள் செய்து கொடுத்த பொருள் மக்களின் கையில் பல ஆண்டுகள் நின்று பயன்பட வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கற்றுக்கொடுக்க முடியுமா? இக்கேள்விக்கு உலகின் சில கல்லூரிகள் கண்ட விடை மிகவும் சுவையானது. வெவ்வேறு நாட்டு மாணவர்களை ஒரே குழுவில் சேர்த்து, உண்மையான ஒரு வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிடுவதே அந்த விடை. அவ்வாறு நடைபெறும் கல்வியைப் பற்றி இக்கட்டுரையில் நாம் காண்போம்.

நிலைத்து நிற்கும் பொறியியல்

நார்வே நாட்டின் பிரதமராக இருந்த குரோ ஹார்லம் புருன்ட்லாண்ட் என்னும் பெண்மணியின் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை ஓர் ஆணையத்தை அமைத்தது. அவ்வாணையம் 1987-ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. நாம் நம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளலாம். ஆனால் நமக்குப் பின் வருவோர் தங்கள் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். இதனையே நீடித்த வளர்ச்சி என்கிறோம்.

பொறியியலில் இதனைக் கடைப்பிடிக்க வேண்டுமானால், ஒரு பொருளைச் செய்யும்முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, இது மண்ணையும் நீரையும் காற்றையும் கெடுக்குமா? இரண்டாவது, இதை வாங்கவும், பழுதானால் சரிசெய்யவும் அவ்வூர் மக்களால் முடியுமா? மூன்றாவது, இதை அவர்கள் விரும்பித் தங்கள் அன்றாட வாழ்வில் ஏற்பார்களா? முதற் கேள்விக்கு விஞ்ஞான நூல்கள் ஓரளவு விடை தரும். மற்ற இரண்டுக்கும் விடை எந்த நூலிலும் இராது. அவ்வூர் மக்களிடந்தான் இருக்கும்.

அவ்விரு கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் குழந்தைகள் விளையாடும் ராட்டினத்தை நீர் இறைக்கும் பம்புடன் இணைத்து அமைத்தார்கள். குழந்தைகள் சுற்றி விளையாட விளையாட, நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியை நிரப்பும். கேட்பதற்கு எவ்வளவு இனிமையான யோசனை! 2010-ஆம் ஆண்டுக்குள் 4,000 ராட்டினங்கள் அமைக்கப் போவதாக 2006-இல் அறிவித்தார்கள். ஆனால் குழந்தைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் நீர் வேண்டுமென்றால் யார் சுற்றுவது? தாய்மார்களும் பாட்டிமார்களும் அந்தப் பாரமான சக்கரத்தைத் தள்ள நேர்ந்தது. பல இடங்களில் முன்பிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு ராட்டினத்தைப் பொருத்தியிருந்தார்கள். அது பழுதானபோது உள்ளூரில் சரிசெய்ய ஆளில்லை. எண்ணிய இலக்கை எட்டாமலே அத்திட்டம் நின்றுபோயிற்று. நீர் இறைக்கும் பெண்களிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரும் பொருள் மிச்சமாகியிருக்கும் அல்லவா?

டென்மார்க்கில் தோன்றிய திட்டம்

கேட்டுச் செய்யும் பழக்கத்தையும், பிறருடன் கூடிச் செய்யும் பழக்கத்தையும் கல்லூரியிலேயே ஊட்டிவிட வேண்டும் என்று எண்ணியவர்களுள் ஆர்விட் ஆண்டர்சன் என்னும் டென்மார்க் பேராசிரியர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1995-ஆம் ஆண்டு ‘ஐரோப்பியத் திட்டப் பருவம்’ என்னும் கல்வி முறையைத் தொடங்கினார். இன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலுள்ள கல்லூரிகள் இதனை நடத்துகின்றன.

இதன் அமைப்பு எளிது. ஒரு கல்லூரிப் பருவம் முழுவதும் மாணவர்கள் வேறொரு நாட்டுக்குச் சென்று தங்க வேண்டும். மூன்று முதல் ஆறு பேர் கொண்ட குழுக்களாக அவர்களைப் பிரிப்பார்கள். ஒரு குழுவில் குறைந்தது மூன்று நாட்டினர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் படிக்கும் துறைகளும் வேறு வேறாக இருக்கும். ஒருவர் மின்னியல் படிப்பார். மற்றொருவர் இயந்திரவியல் படிப்பார். இன்னொருவர் வணிகம் படிப்பார். இவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, பருவ முடிவில் அதைச் செய்து காட்டச் சொல்வார்கள். அப்பருவத்துக்குரிய 30 மதிப்பு அலகுகளில் குறைந்தது 20 அலகுகள் இந்த வேலைக்கே உரியவை. எஞ்சியவை குழுவாகப் பணியாற்றுவது, திட்டமிடுவது, பிறருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பது முதலிய பாடங்களுக்கு உரியவை.

போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரிலுள்ள பொறியியற் கல்லூரி 2011-ஆம் ஆண்டு முதல் இதனை நடத்துகிறது. அங்கு ஒரு சிறப்பு உண்டு. ஒவ்வொரு குழுவும் எழுதும் அறிக்கையில், தாங்கள் செய்த பொருள் இயற்கைக்கு என்ன செய்யும் என்று ஓர் அதிகாரமும், தொழில் அறத்துக்கு அது உடன்பட்டதா என்று ஓர் அதிகாரமும் கட்டாயம் இருக்க வேண்டும். கருவி நன்றாக ஓடினால் மட்டும் போதாது; அது ஓடுவது நியாயந்தானா என்றும் எழுதிக் காட்ட வேண்டும்.

அங்குள்ள குழுக்கள் எடுத்துக்கொண்ட வேலைகளுள் ஒன்று, மீன் தொட்டியையும் காய்கறிப் பாத்தியையும் இணைப்பதாகும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது தொட்டியில் சேர்ந்தால் மீன் இறந்துவிடும். ஆனால் சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிகளுக்கு உரம். தொட்டி நீரைச் செடிகளின் வேருக்குப் பாய்ச்சினால் செடி உரத்தை எடுத்துக்கொள்ளும். தெளிந்த நீர் மீண்டும் மீனுக்கு வரும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு! இதைச் செய்து முடிக்க உயிரியல் அறிந்தவரும் வேண்டும், பம்பும் குழாயும் அமைப்பவரும் வேண்டும், மின்கருவியைக் கட்டுப்படுத்துபவரும் வேண்டும், இதன் விலையைக் கணக்கிடுபவரும் வேண்டும். ஒருவரால் முடியாத வேலை என்பதனாலேயே இது நல்ல பாடமாகிறது.

எமி ஸ்மித் அம்மையாரின் வகுப்பு

இதைவிட ஒருபடி மேலே சென்று, மாணவர்களை ஏழை மக்களின் இல்லங்களுக்கே அழைத்துச் சென்ற வகுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எமி ஸ்மித் என்னும் பெண் பொறியாளர் 2002-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினார். அதன் பெயர் ‘டி-லேப்’. வளர்ச்சி, உரையாடல், வடிவமைப்பு, பரவச் செய்தல் என்னும் பொருளுடைய நான்கு ஆங்கிலச் சொற்களும் ‘டி’ என்ற எழுத்திலேயே தொடங்குவதால் அப்பெயர் பொருத்தமாயிற்று.

எமி ஸ்மித் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் சில ஆண்டுகள் தொண்டராகப் பணிபுரிந்தவர். தானியத்தை மாவாக்கும் சுத்தி அரைவை இயந்திரத்தில் ஒரு சல்லடை இருக்கும். அது கிழிந்துவிட்டால் கிராமக் கொல்லரால் புதிதாகச் செய்ய இயலாது. இயந்திரம் மூலையில் கிடக்கும். எமி ஸ்மித் சல்லடையே இல்லாத இயந்திரத்தை வடிவமைத்தார். உள்ளே சுழலும் காற்று நுண்ணிய மாவைத் தனியே பிரித்து வெளியேற்றும். பரும்படியான துகள் உள்ளேயே நின்று மீண்டும் அரைபடும். இதனை உள்ளூர்க் கொல்லரே செய்யலாம். அவரே பழுதும் பார்க்கலாம்.

அவருடைய மற்றொரு கருவி, நாம் பௌதிகத்தில் படிக்கும் உள்ளுறை வெப்பத்தின் உதவியால் இயங்குவது. குடிநீரில் நோய்க் கிருமி உண்டா என்று சோதிக்க, மாதிரியை 37 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் என்ன செய்வது? பனிக்கட்டி உருகி முடியும் வரை அதன் வெப்பநிலை 0 டிகிரியிலேயே நிற்கிறது அல்லவா? அதுபோல, 37 டிகிரியில் உருகி உறையும் ஒரு வேதிப்பொருளை அவர் பயன்படுத்தினார். அதை உருக்கி, வெப்பம் எளிதில் வெளியேறாத பெட்டியில் வைத்துவிட்டால், அது மெல்ல மெல்ல உறையும்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். 24 மணி நேரம் வரை பெட்டியின் வெப்பநிலை மாறாது. இத்தகைய கண்டுபிடிப்புகளுக்காக 2000-ஆம் ஆண்டு லெமல்சன் மாணவர் பரிசும், 2004-ஆம் ஆண்டு மக்ஆர்தர் அறக்கட்டளையின் சிறப்பும் அவருக்குக் கிடைத்தன.

அவருடைய வகுப்பில் மாணவர்கள் ஒரு வாரம் நாளொன்றுக்கு 2 டாலர் செலவில் வாழ்ந்து பார்க்க வேண்டும். வறுமையை ஒரு வாரத்தில் முழுதும் அறிந்துவிட முடியாதுதான். ஆயினும் எதை வாங்குவது, எதை விடுவது என்று ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்க்கும் மனத்தை அது சிறிதளவு காட்டிக் கொடுக்கும். அதன்பின் ஜனவரி மாதத்தில் அவர்கள் பிற நாடுகளுக்குப் புறப்படுவார்கள்.

கரும்புச் சக்கையில் பிறந்த கரி

அவ்வாறு அவர்கள் சென்ற நாடுகளுள் முதன்மையானது கரிபியன் கடலிலுள்ள ஹைட்டி. அங்கு மக்கள் பெரும்பாலும் விறகையும் மரக்கரியையும் கொண்டே சமைக்கின்றனர். அதற்காக மரங்களை வெட்டி வெட்டிக் குன்றுகள் மொட்டையாகிவிட்டன. மழை பெய்தால் மண் அரித்துச் செல்கிறது. அடுப்புப் புகையோ வீட்டுக்குள் நிறைகிறது. இது ஹைட்டிக்கு மட்டும் உரிய துன்பமன்று. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களுள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தாய் சமைக்கும்போது அவள் இடுப்பிலும் அருகிலும் இருக்கும் குழந்தைதான் அப்புகையை அதிகமாகச் சுவாசிக்கிறது.

எரிவாயு அடுப்பு வாங்கலாமே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். வாங்கப் பணமும், சிலிண்டர் கொண்டுவரச் சாலையும் இல்லாதவர்களுக்கு அது விடையாகாது. ஆகவே அவர்களிடம் உள்ளது எது என்று மாணவர்கள் தேடினார்கள். கரும்பிலிருந்து சாறு பிழிந்தபின் வீணாகும் சக்கை அங்கு உண்டு. அதனைக் கரியாக்கும் முறை பின்வருமாறு:

சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை எடுத்து, அதன் அடியில் துளைகள் இட வேண்டும். நன்கு காய்ந்த கரும்புச் சக்கையை அதில் நிரப்பித் தீ மூட்ட வேண்டும். முதலில் அடர்ந்த புகை எழும். சக்கையிலுள்ள ஈரமும் ஆவியாகும் பொருள்களும் அப்போது வெளியேறுகின்றன. புகை தணிந்ததும் பீப்பாயை மூடி, காற்றுப் புகாதபடி சந்துகளை மண்ணால் அடைத்துவிட வேண்டும். பிராணவாயு இல்லாததால் சக்கை எரிந்து சாம்பலாகாமல் கரியாகிறது. சில மணி நேரம் கழித்துத் திறந்தால் கருநிறத் தூள் கிடைக்கும். தூளை அப்படியே அடுப்பில் இட முடியாது. எனவே மரவள்ளிக் கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதை இத்தூளுடன் பிசைந்து, சிறு அச்சில் அழுத்தி வெயிலில் உலர்த்த வேண்டும். கட்டிக் கரி தயார்!

புகையாகக் கூடிய பொருள்கள் முன்னமே நீங்கிவிட்டதால், இக்கரி அடுப்பில் எரியும்போது விறகைவிட மிகக் குறைந்த புகையே விடும். எனினும் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆதலால் சன்னலைத் திறந்து வைத்தே சமைக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பீப்பாய், கரும்புச் சக்கை, மரவள்ளி மாவு, மண் ஆகிய நான்குமே உள்ளூர்ப் பொருள்கள். அமெரிக்காவிலிருந்து எதையும் கப்பலில் ஏற்றிவர வேண்டியதில்லை. காற்றில்லாத இடத்தில் சக்கை கரியாகும் என்ற விஞ்ஞானம் மாணவர்களிடம் இருந்தது. எந்தக் கிழங்கு ஊரில் மலிவு, எந்த மாதம் சக்கை குவியும், எப்படிப்பட்ட கரியைச் சந்தையில் விரும்பி வாங்குவார்கள் என்ற அறிவு ஹைட்டி மக்களிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதே விடை பிறந்தது. வேறு நாட்டுக்குச் சென்றபோது செய்முறையும் மாறிற்று. நம் இந்தியாவில் கோதுமை வைக்கோலையும் சாணத்தையும் கொண்டு முயன்றனர். மக்காச்சோளம் விளையும் இடங்களில் மணி உதிர்த்த கதிரையே முழுதாகக் கரியாக்கினால் அச்சும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். விஞ்ஞானம் ஒன்றே, ஊருக்கு ஊர் அது உடுத்தும் உடை வேறு.

மாணவர் யார்? ஆசிரியர் யார்?

2007-ஆம் ஆண்டு இவ்வகுப்பின் தொடர்ச்சியாகப் பன்னாட்டு வடிவமைப்பு மாநாடு ஒன்று அதே கழகத்தில் தொடங்கிற்று. மாநாடு என்றதும் மேடையும் மாலையும் நம் நினைவுக்கு வரும். இங்கு அவை இல்லை. பல நாடுகளிலிருந்து வந்த கல்லூரி மாணவர்களும், விவசாயிகளும், மெக்கானிக்குகளும், ஆசிரியர்களும் சில வாரங்கள் ஒன்றாகத் தங்கி, குழுக்களாகப் பிரிந்து வேலை செய்வார்கள். கட்டுரை வாசிப்பது அங்கு நோக்கமன்று; இயங்கும் கருவி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். 2009-இல் இம்மாநாடு கானா நாட்டின் குமாசி நகரில் நடந்தது. பயன்படுத்தப் போகும் மக்கள் வாழும் நாட்டிலேயே அதை நடத்துவதுதானே முறை?

இம்மாநாட்டுக்கு வந்தவர்களுள் பெர்னார்ட் கிவியா என்பவர் தான்சானியா நாட்டின் ஆருஷாவைச் சேர்ந்த சைக்கிள் மெக்கானிக். ஊர் திரும்பிய அவர், சைக்கிளைக் கொண்டே செல்போனுக்கு மின்னேற்றும் கருவி முதலியவற்றைத் தாமே உருவாக்கினார். பின்னர் தம் ஊரார் தாங்களே கருவிகளை வடிவமைக்கக் கற்றுக்கொள்ளும் பட்டறையைத் தொடங்கி ஆசிரியரும் ஆனார். பட்டம் பெற்றவர் ஒருபுறம், பட்டறையில் வளர்ந்தவர் ஒருபுறம் என்று பிரிந்து நின்றிருந்தால் இது நடந்திருக்குமா?

எளிதன்று, ஆயினும் நன்று

இத்தகைய கல்வியில் இடர்ப்பாடுகளும் உண்டு. குழுவில் எல்லாருக்கும் பொதுவான மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. அது பலருக்குத் தாய்மொழி அன்று. சரளமாகப் பேசுகிறவர் சொல்வதே முடிவாகிவிடும். நல்ல யோசனை உடையவர் சொல் கிடைக்காமல் வாய்மூடி இருப்பார். ஒரு நாட்டவர் குறையை முகத்துக்கு நேரே சொல்வார்; மற்றொரு நாட்டவர் அதை அவமதிப்பாகக் கருதுவார். விமானப் பயணத்துக்கு ஆகும் செலவால், வசதியுள்ள நாட்டு மாணவர்களே அதிகமாக வந்து செல்ல முடிகிறது. எல்லாவற்றிலும் பெரிய இடர் ஒன்று உண்டு. பருவம் முடிந்ததும் மாணவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். ஊர் மக்கள் அங்கேயே இருப்பார்கள். அவர்கள் சென்றபின் கருவியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்றால் அதுவும் அந்த ராட்டினத்தின் கதையாகவே முடியும். அதனால்தான் உள்ளூர் மனிதர்கள் உதவியாளராக அன்றி, குழுவின் உறுப்பினராகவே முதல் நாள் முதல் இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துகின்றனர்.

இவ்விடர்களைக் கண்டு இக்கல்வியை விட்டுவிடலாகாது. ஏனெனில் இந்த இடர்களே இதன் பாடங்கள். பேசாதிருப்பவரைப் பேச வைப்பதும், நமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதும், நாம் போன பின்னும் நிற்கும்படி ஒன்றைச் செய்வதும் எந்தத் தேர்வுத்தாளிலும் வராதவை. பொறியாளராகப் போகிறவருக்கு அவை கணிதத்தைப் போலவே இன்றியமையாதவை.

முடிவுரை

தோழியரே, அடுத்த ஆண்டு நாம் எந்தப் பிரிவை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள். பொறியியல் என்றால் பெரிய தொழிற்சாலையும் பெரிய சம்பளமும் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் அடுப்பின் புகையைக் குறைப்பதும் பொறியியலே. கிழியும் சல்லடையை நீக்குவதும் பொறியியலே. விறகு சுமப்பவரும் நீர் சுமப்பவரும் பெரும்பாலும் பெண்களாக இருக்கும்போது, அவ்வேலைகளின் பாரத்தை அறிந்த பெண்கள் இத்துறைக்கு வருவது மிகவும் அவசியம்.

வெளிநாடு சென்றால்தான் இதைக் கற்க முடியும் என்பதுமில்லை. ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மோகோலில் மாதிரிகள் செய்கிறோம். பரிசளிப்பு முடிந்த மறுநாள் அவை குப்பைக்குப் போகின்றன. இனி மாதிரி செய்யத் தொடங்கும்முன், விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் அக்காமாரிடமும், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் தாத்தாவிடமும் சென்று, உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்போம். கணக்கில் வல்லவளும், வரைவதில் வல்லவளும், பேசத் தயங்கினாலும் கைவேலையில் கெட்டிக்காரியும் ஒரே குழுவில் சேர்வோம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். நம் வகுப்பு கூடினால் ஒரு சிறு சக்கரமாவது நகராதா?